மனதை ஆராய்வதும் வெட்கத்திலிருந்து விடுபடுவதும்: கொங்குச் சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் பக்கத்துச் சபைகளில் லெந்து காலத் தியானங்களோ திருவிருந்து ஆயத்த வகுப்போ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, சிலர் மட்டும் நின்று கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர் யாரென்று எவருக்கும் தெரியாதபடி பொதுவாக்கி எழுதியிருக்கிறேன். நான் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவன். கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தே சபையாரும் கேட்டவற்றுக்கு அவரவர் முறையை மதித்தே பதில் சொல்லியிருக்கிறேன். வசனங்கள் பெரும்பாலான வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

சுயபரிசோதனை என்றால் தினமும் என் பாவங்களைப் பட்டியல் போட்டு அழுவதா?

இல்லை. 139ஆம் சங்கீதத்தின் முடிவில் தாவீது "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று கேட்கிறான். ஆராய்கிற வேலையைக் கர்த்தரிடம் கொடுத்துவிட்டு, அவர் காட்டுவதைப் பார்க்க இவன் பக்கத்தில் நிற்கிறான். அதே சங்கீதத்தின் தொடக்கத்தில், நான் உட்காருவதும் எழுந்திருப்பதும் அவருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுத்தான் இங்கே வருகிறான். ஏற்கெனவே எல்லாம் தெரிந்த ஒருவரிடம், தெரிந்தும் விலகிப் போகாத ஒருவரிடம் கேட்கிற கேள்வி அது. இந்த வரிசை மாறினால் எல்லாமே மாறிவிடும். முதலில் நான் என்னை அலசி, சுத்தமாக்கி, அதன்பின் கர்த்தரிடம் போவேன் என்று தொடங்குகிறவர்கள் பாதி வழியிலேயே சோர்ந்துவிடுகிறார்கள்.

திருப்பூரில் செக்கிங் மேசையில் வேலை செய்கிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பனியனில் ஓர் ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, சரிசெய்ய அனுப்புவார்கள். பழுது எங்கே என்று துல்லியமாகக் காட்டுவதே அங்கே வேலை. "நானே ஒரு குப்பை" என்று இரவு முழுவதும் புலம்புகிறவர் எந்த இடத்திலும் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. அதனால் அவரால் எதையும் சரிசெய்யவும் முடிவதில்லை.

தவறு செய்தால் வெட்கப்படத்தானே வேண்டும்? அதிலிருந்து ஏன் விடுபட வேண்டும்?

செய்த காரியத்துக்காக மனம் குத்துவது ஒன்று. "நான் இருப்பதே தவறு, என்னை யாரும் பார்க்கக் கூடாது" என்று ஒளிந்துகொள்வது வேறொன்று. இரண்டும் ஒரே மனதில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடும் என்பதால் குழப்பம் வருகிறது. முதலாவது ஒருவரை மனிதர்களிடம் அழைத்துப் போகும். இரண்டாவது அவரைத் தனிமைப்படுத்தும். பவுல் இந்த வித்தியாசத்தை 2 கொரிந்தியர் 7:10இல் சொல்கிறார்: தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, லௌகிக துக்கமோ மரணத்தை உண்டாக்குகிறது.

இதைப் புரிந்துகொள்ள பேதுருவையும் யூதாசையும் சேர்த்து வாசியுங்கள். யூதாஸ் இயேசுவைக் காட்டிக்கொடுத்தான், பேதுரு அவரைத் தெரியாதென்று மூன்று முறை மறுதலித்தான். இருவருமே மனம் கசந்தார்கள். யூதாஸ் செய்ததை மத்தேயு 27இல் கவனமாகப் பாருங்கள். முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோனான். "பாவஞ்செய்தேன்" என்று வாயாலும் சொன்னான். கேட்டவர்களின் பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." அறிக்கை சரியாக இருந்தும் காது கொடுக்க ஆள் இல்லை, அவன் தனியே போய் உயிரை மாய்த்துக்கொண்டான். பேதுருவோ அழுதபின் மற்ற சீடர்களோடுதான் இருந்தான், அவர்களோடுதான் மீன் பிடிக்கப் போனான். இந்த இடத்தில் சபைகளைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உடைந்து வருகிறவனிடம் "அது உன்பாடு" என்று வாயால் சொல்லாவிட்டாலும், முகத்தால் சொல்கிற சபைகள் நம்மிடையே இருக்கின்றன.

ஆதியாகமத்திலும் இதுதான் நடக்கிறது. ஆதாமும் ஏவாளும் அத்தியிலைகளைத் தைத்துக்கொண்டு மரங்களுக்குள் ஒளிந்தார்கள். கர்த்தர் "எங்கே இருக்கிறாய்?" என்று தேடி வந்தார், கண்டிக்கவும் செய்தார், பிறகு தோல் உடைகளைச் செய்து அவரே உடுத்தினார். தண்டனை சொல்லப்பட்ட அதே அதிகாரத்தில்தான் அந்த உடையும் இருக்கிறது.

வேலை முடிந்து வீடு சேரவே இரவு ஒன்பது ஆகிவிடுகிறது. இதை எப்போது, எப்படிச் செய்வது?

பத்து நிமிடம் போதும். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகூடச் செய்யலாம். இயேசு சபையை நிறுவிய இனிகோ என்கிற புனித இஞ்ஞாசியார் எழுதி, 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற ஆன்மிகப் பயிற்சிகளில் இதற்கு ஐந்து படிகள் இருக்கின்றன. நான் புராட்டஸ்டண்ட் ஆனாலும் இதைத்தான் எல்லோருக்கும் சொல்லித் தருகிறேன், ஏனென்றால் முதல் படி நன்றி.

அன்று கிடைத்தவற்றுக்கு முதலில் நன்றி சொல்கிறோம். சோறு, வேலை, உதவிய கை, குழந்தையின் சிரிப்பு என எதுவாகவும் இருக்கலாம். அதன்பின், என் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் என்று வெளிச்சம் கேட்கிறோம். மூன்றாவதாகக் காலையிலிருந்து மணி மணியாக நாளைப் பார்க்கிறோம்: எழுந்ததும் வீட்டில் என்ன பேசினேன், சூப்பர்வைசரிடம் எப்படி நடந்தேன், யாருடைய பேரைக் கெடுத்தேன், எங்கே பொய் சொன்னேன், எங்கே பயந்து சும்மா இருந்தேன். தென்பட்டதற்கு மன்னிப்புக் கேட்பது நான்காவது. நாளைக்கு ஒரே ஒரு காரியத்தைத் திருத்தத் தீர்மானிப்பது ஐந்தாவது. பத்துத் தீர்மானம் எடுத்தால் ஒன்றும் நடக்காது.

நன்றியைத் தாண்டி நேராக மூன்றாவது படிக்குக் குதிக்கிறவர்களே அதிகம். அவர்களுக்குத்தான் பரிசோதனை சித்திரவதையாகிறது. தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள். விட்ட இடத்துக்கு நாளை ஈடுகட்ட வேண்டியதில்லை.

"அபாத்திரமாய்ப் புசித்தால் ஆக்கினைத்தீர்ப்பு" (தகுதியற்ற விதமாய்ச் சாப்பிட்டால் தண்டனை) என்று இருக்கிறதே. பயந்து பல மாதங்களாகத் திருவிருந்து எடுக்கவில்லை.

இந்த வசனத்தைச் சொல்லித்தான் எத்தனை பேரைப் பந்தியிலிருந்து துரத்தியிருக்கிறோம். 1 கொரிந்தியர் 11ஐ 17ஆம் வசனத்திலிருந்து முழுவதுமாக வாசியுங்கள். கொரிந்துச் சபையில் திருவிருந்து ஒரு சாப்பாட்டோடு சேர்ந்து நடந்தது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தங்கள் உணவைச் சாப்பிட்டு முடித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பவுல் கோபமாகக் கேட்கிறார்: "தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" அபாத்திரமாய்ப் புசித்தல் என்ற எச்சரிக்கை இந்தக் கேள்விக்குப் பின்தான் வருகிறது. அங்கே தீர்ப்புக்குள்ளான பாவம் மற்றவரை வெட்கப்படுத்தியது. அந்த வசனத்தையே எடுத்து, ஏற்கெனவே தலைகுனிந்து நிற்பவரை மேலும் வெட்கப்படுத்துவது எவ்வளவு பெரிய தலைகீழ்!

28ஆம் வசனமும் "தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து" என்றுதான் போகிறது. சோதித்துவிட்டு விலகி நில் என்று அங்கே எழுதப்படவில்லை. உங்களிடம் ஒரு பாவம் இருந்தால் அறிக்கையிடுங்கள். யாரோடாவது பகை இருந்தால் ஒப்புரவாக முயலுங்கள். அடுத்த ஞாயிறு வாருங்கள். கத்தோலிக்கராக இருந்து கனமான பாவம் என்று மனச்சாட்சி சொன்னால், அந்தத் திருச்சபையின் ஒழுங்குப்படி முதலில் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது குருவிடம் பாவ அறிக்கை செய்ய, போய்விட்டு வருவதே முறை.

அப்படியானால் வெட்கமே இல்லாமல் இருக்கலாமா?

கூடாது. அருவருப்பானதைச் செய்தும் நாணத் தெரியாதவர்களை எரேமியா 6:15 கண்டிக்கிறது. தொழிலாளியின் பி.எஃப். பணத்தைக் கட்டாமல் விழுங்கிவிட்டு முதல் வரிசையில் உட்காருகிறவருக்குக் கொஞ்சம் வெட்கம் வந்தால் நல்லதே.

ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுகிறேன். மன்னிக்கப்பட்டதாக உணர முடியவில்லை. சரியாகச் சொன்னேனா என்ற சந்தேகம் விடுவதில்லை.

உங்களுக்கு முன்னே இந்த வழியில் நடந்தவர்கள் பெரியவர்கள். இஞ்ஞாசியார் 1522இல் மொன்செராத் மடத்தில் மூன்று நாள் எழுதி எழுதிப் பாவ அறிக்கை செய்தார். அதன்பின் மன்ரேசாவில், எதையாவது விட்டுவிட்டேனோ என்ற ஐயம் அவரை அரித்து, உயிரை விட்டுவிடலாம் என்கிற அளவுக்குக் கொண்டுபோனது. பழைய பாவங்களை இனி மறுபடி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்த பிறகே அவருக்கு விடுதலை வந்தது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரும் துறவியாக இருந்த காலத்தில் ஸ்டௌபிட்ஸ் என்ற மூத்தவரிடம் மணிக்கணக்கில் அறிக்கையிட்டவர். இந்த இருவரும் பின்னாளில் எதிரெதிர் முகாம்களில் நின்றார்கள். ஆனாலும் இந்த நோவை இருவரும் அறிந்திருந்தார்கள்.

உணர்வு வராததால் மன்னிப்பு வரவில்லை என்று ஆகாது. "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" (1 யோவான் 3:20). சொன்னதைத் திரும்பச் சொல்லாமலிருப்பது உங்களைப் போன்றவர்களுக்கு விசுவாசத்தின் கடினமான செயல்.

இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். ஜெபத்தை ஒரு வார்த்தை தப்பினால் முதலிலிருந்து தொடங்குவது, தேவதூஷணமான எண்ணங்கள் விருப்பமில்லாமல் வந்து மிரட்டுவது, கை கழுவுவதுபோல் அறிக்கையிட்டுக்கொண்டே இருப்பது ஆகியவை எண்ணச் சுழற்சி நோயின் (ஓ.சி.டி.) அடையாளங்களாக இருக்கலாம். மனநல மருத்துவர்கள் இதை நன்றாக அறிவார்கள். பேச்சு வழிச் சிகிச்சையும் மருந்தும் பயன் தருகின்றன. மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர்கள் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இன்றைக்கே அழையுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

சிறுவயதில் உறவினர் ஒருவர் என்னிடம் தவறாக நடந்தார். இதை நான் எப்படி அறிக்கையிடுவது?

அறிக்கையிட வேண்டாம். அது உங்கள் பாவம் இல்லை. அவர் செய்த பாவம்.

2 சாமுவேல் 13இல் தாவீதின் மகள் தாமார், தன்னைப் பலவந்தப்படுத்தும் ஒன்றுவிட்ட அண்ணன் அம்னோனிடம் "நான் என் வெட்கத்தோடே எங்கே போவேன்?" என்று கேட்கிறாள். அவளுடைய சகோதரன் அப்சலோம் அவளைச் சும்மாயிருக்கச் சொன்னான். தகப்பன் தாவீது கோபப்பட்டதோடு நிறுத்திக்கொண்டான். ஆனால் வேதம் அவளை ஒரு வார்த்தையாலும் குற்றப்படுத்தவில்லை. அவள் குரலை அப்படியே பதிவு செய்து வைத்திருக்கிறது. "குடும்ப மானம்" என்று சொல்லி உங்களை மூடி மறைத்தவர்கள் அந்தச் சுமையை உங்கள் தலையில் ஏற்றினார்கள். மன்னித்துவிடு என்று அவசரப்படுத்துகிறவர்களுக்கும் இப்போது நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. நம்பிக்கைக்குரிய ஒரு பெண்மணியிடமோ ஆலோசகரிடமோ உங்கள் வேகத்தில் பேசுங்கள்.

இப்போது ஒரு குழந்தைக்கு இப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அது ஜெபக்குறிப்பாக மட்டும் நின்றுவிடக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும், அவர் ஆயராக இருந்தாலும். குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181.

நான் பாவம் எதுவும் செய்யவில்லை. ஆனால் கடன், விவாகரத்து, சாதி இவற்றால் நாலு பேர் முன்னால் தலைநிமிர முடியவில்லை.

நம் பகுதியில் வெட்கத்தின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. உழைப்புக்கும் கைராசிக்கும் பெயர் பெற்ற மண்ணில் தொழில் நொடித்தவனுக்கு இடமில்லை. சோமனூரிலும் பல்லடத்திலும் தறியை எடைக்குப் போட்டவர்கள் உறவினர் சீருக்குக்கூடப் போவதில்லை. குழுக் கடன் தவணை கட்ட முடியாத பெண் வீட்டுக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். லாரித் தொழில் நிறைந்த நாமக்கல் பக்கம், கணவனிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றிய மனைவி தன் மேல் எந்தத் தவறும் இல்லாமலே ஊரின் ஏச்சை வாங்கினாள். குழந்தையில்லாதவளை மங்கல காரியத்தில் பின்னுக்குத் தள்ளுவதைச் சபைக் குடும்பங்களும் செய்கின்றன.

யோவான் 9இல் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்கள், இவன் செய்த பாவமோ, பெற்றவர்கள் செய்த பாவமோ என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்று இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிடுகிறார். உங்களைப் பற்றியும் ஊர் அதே கேள்வியைக் கேட்டால், அதற்குள் நின்று பதில் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

சாதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டுச் சபைகள் பலவும் அருந்ததியரும் மற்ற ஒடுக்கப்பட்டோரும் கட்டியெழுப்பியவை. இரட்டைக் குவளையில் டீ குடிக்க வைத்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். அவர்கள் சுமக்கிற வெட்கத்துக்கு அவர்கள் மனந்திரும்ப வேண்டிய பாவம் ஒன்றுமில்லை. மனந்திரும்ப வேண்டியவர்கள் குவளையைப் பிரித்து வைத்தவர்களும், கோயிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் அந்தப் பிரிவைத் தொடர்கிறவர்களும்தான்.

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு சாட்சி உண்டு. கோவைக்குப் பக்கத்தில் கருமத்தம்பட்டியில் 1846இல் ஆயராக அபிஷேகம் பெற்ற பிரெஞ்சுக்காரர் மெல்கியோர் தெ மரியோன் பிரேசியாக். சாதி வழக்கங்களைத் திருச்சபைக்குள் எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்வது என்ற கேள்வி அவர் மனச்சாட்சியை வருத்தியது. ரோமிடம் தெளிவு கேட்டார். கடைசியில் பொறுப்பிலிருந்தே விலகினார். 1856இல் லியோன் நகரில் ஆப்பிரிக்காவுக்கான மிஷன் சபையைத் தொடங்கி, 1859இல் சியரா லியோனில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை பசிலிக்காவுக்கு அக்டோபர் திருவிழாவில் போகிறவர்கள் அவரையும் நினைத்துக்கொள்ளலாம். தன் கோபத்தையும் சோம்பலையும் மட்டும் ஆராய்ந்துவிட்டு, தான் வசதியாக உட்கார்ந்திருக்கும் ஒழுங்கை ஆராயாமல் விடுகிற பரிசோதனை அரைகுறையானது.

யாரிடம் சொல்வது? எங்கள் ஊர் சின்னது. இன்று சொன்னால் நாளை பஸ் ஸ்டாண்டில் பேசுவார்கள்.

நியாயமான பயம். கத்தோலிக்கருக்கு இதில் ஒரு பெரிய பாதுகாப்பு உண்டு: அறிக்கையில் கேட்டதை நேரடியாக வெளிப்படுத்தும் குரு தானாகவே சபைவிலக்கத்துக்கு உள்ளாகிறார். உங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் வேறு ஊருக்குப் போகலாம், அதில் தவறில்லை.

எங்கள் திருச்சபையில் ஆராதனையின் பொது அறிக்கையும் பாவமன்னிப்பு வாக்கும் இருக்கின்றன. பலருக்கு அது போதும். போதாதவர்கள் ஆயரையோ முதிர்ந்த ஒரு விசுவாசியையோ தனியாகப் பார்க்கலாம். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவர் உங்களிடம் மற்றவர் கதையைப் பேசியிருக்கிறாரா? பேசியிருந்தால் உங்கள் கதையையும் பேசுவார்.

மேடையேறி எல்லாவற்றையும் சாட்சியாகச் சொல்லச் சொல்லி வற்புறுத்தினால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. "ஒருவருக்கொருவர்" அறிக்கையிடச் சொல்கிறார் யாக்கோபு. மைக் பிடித்து ஊருக்கே சொல்லும்படி அவர் கேட்கவில்லை. குறிப்பாக, உங்கள் சாட்சியில் மனைவியோ பிள்ளைகளோ வருகிறார்கள் என்றால், அவர்கள் சம்மதமின்றி அதைச் சொல்வது அவர்களை வெட்கத்துக்குள் தள்ளுவதாகும்.

கர்த்தர் மன்னித்துவிட்டார். ஏமாற்றிய பணத்தையும் திருப்பித் தர வேண்டுமா?

வேண்டும். வரி வசூலித்த சகேயு, ஏமாற்றியதை நாலத்தனையாய், அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருவதாகச் சொன்னான். அன்றுதான் இயேசு அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார். எண்ணாகமம் 5இல் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரச் சொல்லியிருக்கிறது. வாங்க உறவினர்கூட இல்லையென்றால் அது கர்த்தருக்குரியதாகும். ஆகவே "அவர் இறந்துவிட்டார்" என்பது காரணமாகாது, பிள்ளைகளைத் தேடுங்கள். மஞ்சள் எடையில் அடித்தது, சீட்டுப் பணத்தில் சுருட்டியது, தம்பிக்குத் தெரியாமல் மாற்றிய பத்திரம், ஊர் திரும்பிய ஒடிசா பையனுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கடைசி வாரக் கூலி எல்லாமே இதில் அடங்கும். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. ஒரேயடியாக முடியாவிட்டால் தவணையாகக் கொடுங்கள்.

பிள்ளைக்கு வெட்கம் வந்தால்தான் படிப்பான் என்று நினைத்துத் திட்டுகிறேன். தவறா?

தவறு. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் மதிப்பெண்ணுக்காகப் பிழியப்படும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகும் அப்பாவும் அம்மாவும் "மாமன் மகன் எவ்வளவு வாங்கினான் தெரியுமா" என்று தொடங்குகிறார்கள். அந்தப் பிள்ளை முதலில் மதிப்பெண்ணை மறைக்கும், பிறகு மனதை மறைக்கும். தேர்வு முடிவு வரும் நாளில், எண் எதுவானாலும் பயமில்லாமல் வீட்டுக்கு வரலாம் என்பது அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இதை வாயால் சொல்லுங்கள், தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். கண்டிக்க வேண்டியதை, அந்தக் காரியத்தின் பெயரைச் சொல்லி, தனியாகக் கண்டியுங்கள். பாட்டி, அத்தை முன்னால் வேண்டாம்.

குடியை விட்டு ஒரு வருடம் இருந்தேன். போன வாரம் மறுபடி குடித்துவிட்டேன். சபைக்கு எந்த முகத்தோடு போவது?

இருக்கிற முகத்தோடு போங்கள், ஐயா. பேதுரு மறுதலித்தது ஒரு கரிநெருப்புக்குப் பக்கத்தில். உயிர்த்த இயேசு கடற்கரையில் மீன் சுட்டுவைத்து அவனைச் சாப்பிட அழைத்ததும் கரிநெருப்புக்குப் பக்கத்தில்தான். யோவான் இரண்டு இடத்திலும் அதைக் குறித்து வைத்திருக்கிறார். ஏன் செய்தாய் என்று அங்கே விசாரணை இல்லை. "என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று தரம் கேட்டு, ஒவ்வொரு தரமும் ஆடுகளை மேய்க்கும் வேலையைத் திரும்ப ஒப்படைத்தார்.

கடந்த ஒரு வருடம் வீண் என்று எண்ணாதீர்கள். எப்போது, யாரோடு, எந்தக் கோபத்தில் கடைக்குப் போனீர்கள் என்று பாருங்கள். உங்கள் சுயபரிசோதனைக்கு இந்த வாரம் அந்த ஒரு மணி நேரம் போதும். வீட்டம்மாவிடம் இன்றே சொல்லுங்கள், அவர் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டு இப்போது நிறுத்துவதாக இருந்தால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் தமிழ்நாட்டிலும் கூடுகின்றன. தன்னைப் பயமின்றி ஆராய்ந்து, கண்டதை இன்னொருவரிடம் சொல்லி, தீங்கு செய்தவர்களுக்கு ஈடு செய்வது அவர்களுடைய பன்னிரண்டு படிகளிலேயே இருக்கிறது. அங்கே எந்த முகத்தோடு வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கடைசியாக, சம்பளம் சனிக்கிழமை என்றால் அன்று மாலை கம்பெனி வாசலுக்கு வீட்டம்மாவோ அண்ணனோ வரட்டும். பணத்தை அங்கேயே அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் சேர்ந்து வீட்டுக்கு வாருங்கள்.